ரயட் கேர்ள் முந்தியா, குயர்கோர் முந்தியா? (ஜெராக்ஸ் கணக்கு உட்பட)

மார்ச் 2, இரவு 9.14, கேள்வி

ரயட் கேர்ள் என்ற பெண்கள் பங்க் இசை இயக்கத்தை 1991இல் பிகினி கில் குழு ஆரம்பித்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் குயர்கோர், அதாவது பால்புதுமையினரின் (குயர்) பங்க். இரண்டும் மூன்று நாலு வருஷம் சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டன. பாட்டும் பெரிதாக நிற்கவில்லை. இன்னும் ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

மார்ச் 2, இரவு 10.02

வரிசை தலைகீழ். டொராண்டோவில் ஜி.பி. ஜோன்ஸும் புரூஸ் லாப்ரூஸும் ஜே.டி.ஸ் என்ற ஜீனை (சொந்தமாக ஜெராக்ஸ் எடுத்துப் பரப்பும் குட்டிப் பத்திரிகை) தொடங்கியது 1985இல். பிகினி கில் அமெரிக்காவின் ஒலிம்பியாவில் கூடியது 1990 கடைசியில். ஐந்து வருஷம் மூத்ததைக் கிளை என்கிறீர்கள்.

ஜே.டி.ஸ் வந்தபோது அந்த ஊரில் இயக்கம் என்று ஒன்றும் கிடையாது. கை விரலில் எண்ணக்கூடிய சிலர்தான். டொராண்டோவின் தெருவெல்லாம் குயர் பங்க் கும்பல் திரிவதுபோல அவர்கள் ஜோடித்து எழுதினார்கள். எங்கோ ஓர் ஊரில் அதைப் படித்த பிள்ளைகள் நம்பினார்கள், நம்பித் தங்கள் ஊரில் ஒன்று ஆரம்பித்தார்கள். பொய் நாலைந்து வருஷத்தில் நிஜமாகிவிட்டது. என் கட்சி இதுதான்: காகிதம் முதலில், ஆள் பிறகு, பாட்டு அதற்கும் பிறகு. பாட்டை மட்டும் கேட்டு எடை போட்டால் கணக்கு உதைக்கும்.

மார்ச் 2, இரவு 10.09

விட்டுப்போனது. ஜே.டி.ஸ் ஆட்களுக்குச் சண்டை இரண்டு பக்கமும். ஹார்ட்கோர் (பங்க்கின் முரட்டு வேக வகை) மேடையின் ஆண் முறுக்கு ஒரு பக்கம். உடையும் டிஸ்கோவும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கே பார் கலாசாரம் இன்னொரு பக்கம். 1989 பிப்ரவரியில் மேக்சிமம் ராக்அண்ட்ரோல் என்ற பங்க் இதழில் இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை இரண்டு தரப்பையும் ஒரே மூச்சில் திட்டியது.

மார்ச் 2, இரவு 10.31

கணினி ஆட்களுக்கு ஒரு துணுக்கு. சான் பிரான்சிஸ்கோவில் 1988இலிருந்து ஹோமோகோர் ஜீனை நடத்தியவர் டாம் ஜென்னிங்ஸ். 1984இல் ஃபைடோநெட்டை எழுதிய அதே ஆள். இணையத்துக்கு முன்னால் தொலைபேசி வழியாக ஊர்விட்டு ஊர் செய்தி கடத்திய வலை அது. அதை முடித்த கையோடு கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டார். ஹோமோகோர் என்ற சொல்லை முதலில் புழங்கவிட்டது ஜே.டி.ஸ்தான். அதற்குள் அடங்காதவர்களையும் சேர்க்க வேண்டும் என்றபோது குயர்கோர் ஆயிற்று.

மார்ச் 3, காலை 7.20

'ரயட்' வெறும் கோபச் சொல் இல்லை. 1991 மே மாதம் வாஷிங்டன் டி.சி.யின் மவுண்ட் பிளசன்ட் பகுதியில் எல் சால்வடோர்காரர் ஒருவரைப் போலீஸ் சுட்டதில் நிஜமான கலவரம் மூண்டது. அப்போது அந்த ஊரில் இருந்த ஜென் ஸ்மித், நாமும் பெண்கள் கலவரம் ஒன்று நடத்த வேண்டும் என்று எழுதிய வரி, பிராட்மொபைல் குழுவின் ஆலிசன் உல்ஃப், மோலி நியூமன் கைக்குப் போனது. அந்தக் கோடையில் அவர்கள் ஒற்றைத் தாளை மடித்து ஒரு குட்டி ஜீன் போட்டார்கள். அதன் பெயர்தான் இயக்கத்துக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்று 'ர்' போட்டு உறுமுகிற எழுத்துக்கூட்டு (grrrl) பிகினி கில் டிரம்ஸ்காரர் டோபி வேய்லின் ஜிக்சா ஜீனிலிருந்து. தமிழில் அதை 'கிர்ர்ர்ல்' என்று எழுதினால் உறுமல் போய்க் கிறுகிறுப்பு வந்துவிடுகிறது. அதனால் இங்கே 'கேர்ள்'.

மார்ச் 3, மதியம் 1.45

"ஜீன் என்றால் நம் சிற்றிதழ்தானே?" இல்லை. சிற்றிதழுக்கு ஆசிரியர் குழு, சந்தா, அச்சகம் எல்லாம் உண்டு. ஜீன் ஒருவரே எழுதி, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்துத் தபாலில் போடுவது. நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு கையெழுத்துப் பத்திரிகை. ஒரு பிரதி எழுதி ஊர் முழுக்கச் சுற்றவிடுவார்களே, அதுதான். அதற்கு ஜெராக்ஸ் மெஷின் கிடைத்திருந்தால் ஜீன் ஆகியிருக்கும். மரபணுவும் இல்லை, கால்சட்டையும் இல்லை.

மார்ச் 4, இரவு 8.50

செய்முறை கேட்டவருக்கு. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5இல் நாலு பக்கம். பக்க எண்ணிக்கை எப்போதும் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கத்துக்கு 4 தாள்.

ஒரே தாள் முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வருகிற இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் மொத்தம் கூட்டல் ஒன்று. 16 பக்கமென்றால் 17.

முதல் தாள் முன்புறம் 16, 1. பின்புறம் 2, 15.
இரண்டாம் தாள் 14, 3. பின்புறம் 4, 13.
மூன்றாவது 12, 5. பின்புறம் 6, 11.
நான்காவது 10, 7. பின்புறம் 8, 9.

இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை. ஓரிடத்தில் ஒற்றைப்படை இடப்பக்கம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப எண்ணுங்கள்.

ஒட்டுவதற்குக் குச்சிப் பசை. தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கும், சுருக்கத்தின் நிழல் நகலில் சாம்பல் கோடாக விழும். ஒட்டிய துண்டுகளின் ஓரமும் மெல்லிய கோடாகத் தெரியும். அதை ஒட்டிய தாளில் அழிக்கக் கூடாது. முதல் நகல் எடுத்து, அந்த நகலில் வெள்ளை மை தடவி, அதையே மூலமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் 8 மி.மீ. காலி விடுங்கள். மெஷின் ஓரம்வரை அச்சடிக்காது, விளிம்பில் இருக்கும் வரியின் தலையையோ வாலையோ தின்றுவிடும்.

இரண்டு பக்கமும் எடுக்கும்போது கடைக்காரரிடம் நீளப் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 9.30

படங்கள். அந்த ஜீன்களில் முகங்கள் கரியும் வெள்ளையுமாக வெட்டின மாதிரி இருப்பதை அழகியல் என்று புகழ்கிறவர்கள் உண்டு. பாதி அழகியல், பாதி மெஷின். நகலின் நகலை நகலெடுத்தால் நடுச் சாம்பல் எல்லாம் செத்துவிடும், மூன்றாம் தலைமுறையில் கண்ணும் புருவமும் மூக்கின் நிழலும்தான் மிஞ்சும். முகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் படத்தை முதலில் புள்ளித்திரையாக (சாம்பலைக் குட்டிக் கறுப்புப் புள்ளிகளாக உடைப்பது) மாற்ற வேண்டும், அங்குலத்துக்கு 60 முதல் 85 வரி. அதற்கு மேல் நுணுக்கினால் ஜெராக்ஸ் புள்ளிகளை ஒன்றாக அப்பிவிடும். சில எழுத்தாளர்கள் வேண்டுமென்றே மூன்றாம் தலைமுறையில் நிறுத்தினார்கள். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவளுக்கு முகம் தெரியாமல் போவது லாபம்.

முழுப்பக்கக் கறுப்பு வேண்டாம். மடிப்பில் டோனர் மைத்தூள் உதிரும், நடுவில் வெள்ளைக் கீறல் விழும்.

மார்ச் 5, காலை 6.55

நேற்று எழுதியது தப்பு. நீளப் பக்கம் இல்லை, அகலம் குறைந்த பக்கம். தாள் படுக்கையாக இருக்கிறது. நீள விளிம்பில் திருப்பினால் பின்புறம் தலைகீழாக விழும், 2ஆம் பக்கம் சிரசாசனம் செய்யும். ஏற்கெனவே 50 பிரதி எடுத்துவிட்டேன் என்று எழுதியவரிடம் மன்னிப்பு. பின்பக்கத்தைத் தலைகீழாகப் படிப்பது எதிர்ப்பின் வடிவம் என்று முன்னுரை எழுதிச் சமாளிக்கலாம். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்ப்பது அதைவிட மலிவு.

மார்ச் 5, இரவு 8.05

பின் அடிப்பது. நம் ஊர் 10ஆம் நம்பர் ஸ்டேப்ளரின் வாய் சிறியது, தாளின் நடு மடிப்புவரை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் ஸ்டேப்ளரை முழுக்க விரித்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கோட்டுக்கு அடியில் தெர்மோகோல் துண்டோ பழைய ரப்பரோ வையுங்கள். வெளி அட்டைப் பக்கம் மேலே. அழுத்தினால் பின்னின் கால்கள் நேராக இறங்கி நிற்கும். தாளைத் தூக்கிப் புரட்டிக் கரண்டியின் முதுகால் கால்களை உள்நோக்கி மடக்குங்கள். விரலால் வேண்டாம். இரண்டு பின் போதும், மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 5 செ.மீ. தள்ளி.

10 தாளுக்கு மேல் போனால் உள் தாள்கள் வெளியே பிதுங்கும், சுமார் 1 மி.மீ. ஓரம் வெட்டப்போகிறீர்கள் என்றால் நடுப்பக்கங்களில் வெளி ஓரத்தைக் கூடுதலாக விடுங்கள்.

மார்ச் 6, காலை 11.10

"ஜே.டி.ஸுக்கு முன்னாலேயே ஃபிஃப்த் காலம் (Fifth Column) குழு இருந்ததே. அப்புறம் எப்படிக் காகிதம் முதலில்?"

சரியான அடி. ஜி.பி. ஜோன்ஸ் அந்தப் பெண்கள் குழுவில் 1980களின் தொடக்கத்திலிருந்தே வாசித்தவர். டொராண்டோவைப் பொறுத்தவரை பாட்டுதான் மூத்தது. ஒலிம்பியாவிலும் டோபி வேய்ல் ஜிக்சாவுக்கு முன்பே டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். மார்ச் 2இல் எழுதிய சூத்திரத்தைத் திருத்துகிறேன்: குழு எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், ஊரைத் தாண்டியது காகிதத்தில். லண்டனில் இன்னும் பழசு. எக்ஸ்ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன், தி ஸ்லிட்ஸ், தி ரெயின்கோட்ஸ் எல்லாம் 1976, 77 ஆட்கள்.

மார்ச் 6, இரவு 9.40

"பெண்கள் முன்னால் வரட்டும்" என்ற ரயட் கேர்ள் அழைப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், மூன்று பேரும் அதை முழக்கமாகவே பார்க்கிறீர்கள். அது அரங்க ஏற்பாடு. ஹார்ட்கோர் கச்சேரியில் மேடைக்கு முன்னால் முதல் சில மீட்டர் மோதி ஆடும் குழி. அங்கே நிற்க உடம்பு வேண்டும், அடி வாங்கத் துணிச்சல் வேண்டும். பெண்கள் ஓரத்தில் நண்பனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிகினி கில் மேடையில் பாடகி கேத்லீன் ஹன்னா அவர்களை முன்னால் கூப்பிட்டபோது இரண்டு வேலை நடந்தது. பெண்கள் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் இருப்பவளை நோக்கிப் பாட்டிலோடு வருகிறவனுக்கு நடுவில் ஒரு சுவர் எழுந்தது.

கூடவே பாடல் வரித்தாளும் கொடுத்தார்கள். அந்தக் கூடங்களின் ஒலிபெருக்கியில் குரல்தான் முதல் பலி. கிடாரின் ஓங்கிய ஓசையும் பெண் குரலின் தெளிவும் ஏறக்குறைய 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் முட்டிக்கொள்ளும். ஒலிக்காரர் குரலை ஏற்றினால் மைக் விசிலடிக்கும். இறக்க வேண்டியது கிடார் ஆம்ப்ளிஃபையரை. யாரும் இறக்க மாட்டார்கள். அதனால் வரி கையில் இருந்தது.

எங்கே சொதப்பும்? பாட்டு நடுவில் சொன்னால் கூட்டம் நகராது, தள்ளுமுள்ளு ஆகும். முதல் பாட்டுக்கு முன்னால், விளக்கு எரியும்போது, யார் எந்தப் பக்கமாகப் பின்னுக்குப் போக வேண்டும் என்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். பின்னால் போகிறவர்கள் கதவை அடைக்காமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மேடையிலிருந்து ஒருவரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதுதான் பெரிய சொதப்பல். அது தனிக் குறிப்பு, பிறகு.

மார்ச் 7, இரவு 10.15

வாசலில் விதி எழுதிவைப்பது. பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்ற பங்க் கச்சேரிக் கூடம் 1986 டிசம்பர் 31இல் திறந்தது. இனவெறி, பாலினவெறி, ஒருபால் வெறுப்பு, குடி, போதை, அடிதடி எதுவும் கூடாது என்று எழுதிவைத்தார்கள். ஆண்டுக்கு 2 டாலர் அட்டை வாங்கி உறுப்பினர் ஆனால்தான் உள்ளே. அந்த 2 டாலரில்தான் சூட்சுமம். உறுப்பினர் என்றால் விதிக்குக் கையெழுத்திட்டவர், கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடலாம், மீறினால் வெளியேற்றலாம். வெறும் டிக்கெட் வாங்கியவனிடம் இந்தப் பிடி இல்லை. நியூயார்க்கின் ஏபிசி நோ ரியோ கூடத்தின் சனிக்கிழமை பகல் கச்சேரிகளில் வரிகளை முன்கூட்டியே பார்த்துத்தான் குழுவைச் சேர்த்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தணிக்கை என்று கத்தினார்கள். இன்னொரு கூடத்துக்குப் போக அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

மார்ச் 8, மாலை 5.30

தற்காப்பு. சியாட்டிலில் தி கிட்ஸ் (The Gits) குழுவின் பாடகி மியா ஸபாடா 1993 ஜூலை 7 அதிகாலை வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். குற்றவாளி 2003இல் டி.என்.ஏ. மூலம் சிக்கும்வரை யார் என்றே தெரியாது, தண்டனை 2004இல். கூட்டத்தில் இருக்கும் எவனாகவும் இருக்கலாம் என்ற பயத்தில் பத்து வருஷம். நண்பர்கள் ஹோம் அலைவ் என்ற அமைப்பைத் தொடங்கி, முடிந்த கட்டணத்துக்குத் தற்காப்பு வகுப்பு நடத்தினார்கள். டீம் டிரெஷ் குழு ஒரு படி மேலே. பாட்டுக்கு நடுவில் மேடையிலேயே பிடியை உதறுவது எப்படி என்று பயிற்சியாளர் செய்து காட்டுவார். அந்தக் குழுவின் ஜோடி பிளெய்ல் நடத்திய கேண்டி ஆஸ் நிறுவனம் 1995இல் தற்காப்புக்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது, பாட்டோடு பாடமும் கையேடும்.

ரயட் கேர்ளும் குயர்கோரும் தனித்தனி என்று சொல்வோருக்கு டீம் டிரெஷ்ஷையே காட்டலாம். லெஸ்பியன் குழு, ஊர் ஒலிம்பியாவும் போர்ட்லாண்டும், கூட்டம் இரண்டு பக்கத்ததும்.

மார்ச் 9, இரவு 11.50

தள்ளிவைத்த குறிப்பு. மிச்சிகன் பெண்கள் இசைவிழா, பிறப்பிலேயே பெண் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1991இல் ஒரு திருநங்கையை வெளியேற்றினார்கள். அதற்கு எதிராகச் சாலைக்கு அந்தப் பக்கம் கேம்ப் டிரான்ஸ் கூடாரம் போட்டார்கள். 1994இல் அதே விழாவில் சான் பிரான்சிஸ்கோவின் டிரைப் 8 குழு வாசித்தபோது, அவர்கள் வன்முறையைக் கொண்டாடுகிறார்கள் என்று பெண்களே பதாகை பிடித்தார்கள். ஆக ஒரு வேலிக்கு உள்ளேயும் சண்டை, வெளியேயும் சண்டை. விழா 2015இல் நின்றது. "முன்னால் வரட்டும்" என்ற அழைப்பில் யார் பெண் என்று யார் தீர்ப்பது என்ற கேள்விக்கு 1990களின் பங்க் நல்ல பதில் வைத்திருக்கவில்லை. இப்போது பல கூடங்களில் அழைப்பே மாறிவிட்டது: உயரம் குறைந்தவர்கள், பெண்கள், குயர், டிரான்ஸ் எல்லாரும் முன்னால், யாரையும் சரிபார்ப்பதில்லை.

மார்ச் 10, காலை 8.00

நிறம். இதைத் தவிர்த்துவிட்டு இவ்வளவு தூரம் வந்ததே ஒரு வியாதி. ரம்தாஷா பிக்சீம் 1990களின் தொடக்கத்தில் கங்க் ஜீனில், கறுப்புப் பெண்ணாக அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் நிற்பது என்னவென்று எழுதிவிட்டார். 1997இல் மிமி தி நுயென் வெள்ளையரல்லாத பங்க் ஆட்களின் எழுத்தைத் திரட்டித் தனித் தொகுப்பு ஜீனாகப் போட்டார். நியூயார்க்கில் பாடகி தமர்-காலியும் தோழிகளும் சிஸ்டா கேர்ள் ரயட் என்ற பெயரில் கறுப்புப் பெண்களின் கச்சேரிகளை நடத்தினார்கள். இவர்கள் பின்னால் வந்து திருத்தியவர்கள் என்று எழுதுவது வழக்கம். கங்க்கின் காலத்தைப் பாருங்கள். கூடவே இருந்தவர்கள்.

என் காகிதச் சூத்திரத்தில் இன்னும் ஓர் ஓட்டை இங்கேதான். ஜெராக்ஸுக்குக் காசு, தபாலுக்கு நிலையான முகவரி, பெயர் போட்டு எழுதும் தைரியம். இந்த மூன்றும் எல்லார் கையிலும் சமமாக இல்லை.

மார்ச் 10, இரவு 7.45

தபால் பற்றிக் கேட்டவருக்கு. அப்போதைய வழக்கம் இது: ஒரு டாலர் நோட்டை மடித்த தாளுக்குள் ஒளித்து வை, இரண்டு தபால்தலை சேர்த்து அனுப்பு, அல்லது உன் ஜீனைக் கொடு, என் ஜீனை எடுத்துக்கொள். குயர் ஜீன் என்றால் உறைக்கு வெளியே தலைப்பு இருக்காது, அனுப்புநர் இடத்தில் தபால்பெட்டி எண் மட்டும். உறையை அம்மா பிரித்துவிடுவாள் என்பதை அனுப்புகிறவரே யோசித்தாக வேண்டும். பெருக்குவதற்கு ரயட் கேர்ள் பிரஸ் செய்த வழி நன்றாயிருந்தது. ஆளாளுக்குப் பிரதிகளை அனுப்ப வேண்டாம், பின் அடிக்காத, மடிக்காத மூலத்தாள்களை ஒரு செட் அனுப்பினால் போதும். ஆர்டர் வரவர அவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். கட்டுக்கட்டாக விற்காத பிரதி யார் கட்டிலுக்கு அடியிலும் மக்காது.

மார்ச் 12, மதியம் 2.20

"பாட்டு நிற்கவில்லை" என்றவருக்கு இப்போதுதான் வருகிறேன். பிராட்மொபைலில் பாஸ் கிடார் இல்லை. ஸ்லீட்டர்-கின்னியிலும் இல்லை. அவர்கள் இரண்டு கிடாரையும் ஒன்றரை ஸ்வரம் இறக்கி சி ஷார்ப்பில் சுருதி சேர்த்தார்கள், அடித்தளம் அப்படி வந்தது. நாலாவது ஆள் கிடைக்கும்வரை காத்திராமல் இருப்பவர்களை வைத்துத் தொடங்கினால் வருகிற ஒலி அது. கேட்டுப் பழகாத காது அதைக் குறை என்கிறது.

வீட்டு ஒலிப்பதிவிலும் அதே கணக்கு. நாலு தடக் கேசட் கருவி நாலு தடத்தையும் ஒரே திசையில் எழுதும், ஆகையால் மறுபக்கம் கிடையாது. பல மாடல்கள் இரட்டை வேகத்தில் ஓடும். 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். இரண்டு நிமிடப் பாட்டென்றால் ஏழு. மூன்று தடத்தை நாலாவதில் கலந்துவிட்டு மூன்றையும் மீட்டுக்கொள்ளலாம், ஆனால் அதன்பின் டிரம்ஸை மட்டும் ஏற்ற முடியாது. குரலை அந்தக் கலவையில் சேர்க்காதீர்கள், கடைசிவரை தனித்தடத்தில் வையுங்கள்.

மார்ச் 13, இரவு 9.00

"அடங்கிவிட்டது" என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1992இல் பெரிய பத்திரிகைகள் உடையையும் மார்க்கரால் உடம்பில் எழுதிய சொற்களையும் எழுதித் தீர்த்ததும், இனிப் பேட்டி கிடையாது என்று பலர் கதவைச் சாத்தினார்கள். பத்திரிகையில் செய்தி நின்றது, வெட்டுத்துண்டுகளை வைத்து வரலாறு எழுதியவர்கள் இயக்கம் நின்றது என்று எழுதினார்கள். 2000 ஆகஸ்டில் ஒலிம்பியாவில் லேடிஃபெஸ்ட் என்ற பெண்கள் விழா நடந்தது, அதன்பின் பல நாடுகளில் அதே பெயரில். 2001இல் போர்ட்லாண்டில் சிறுமிகளுக்கான ராக் முகாம். பேட்டி மறுத்தது சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம். திரிப்பு குறைந்தது. அடுத்த ஊர்ப் பதினைந்து வயதுக்காரிக்குச் செய்தி போவதும் சேர்ந்து குறைந்தது.

மார்ச் 15, காலை 7.35

12 பக்கம்தான் தேறியது என்றவருக்கு: கூட்டுத்தொகை 13, மூன்று தாள். 12, 1, பின்புறம் 2, 11. அடுத்தது 10, 3, பின்புறம் 4, 9. கடைசி 8, 5, பின்புறம் 6, 7. அகலம் குறைந்த பக்கமாகத் திருப்பு.

பழைய அமெரிக்க ஜீன் பிரதியை ஏ4இல் நகலெடுப்பவர்கள் 97 சதவீதத்துக்குக் குறையுங்கள். அவர்கள் தாள் 216 மி.மீ. அகலம், நம்முடையது 210.

முகவரியைப் பின்னட்டையில் மட்டும் போடாதீர்கள். வெளித்தாள்தான் பின்னிலிருந்து முதலில் கிழியும். உள்ளே 2ஆம் பக்கத்திலும் ஒரு முறை, தேதியோடு, வருஷத்தையும் சேர்த்து. "வியாழக்கிழமை இரவு" என்று மட்டும் போட்ட ஜீனை எந்தப் பெட்டியில் வைப்பது என்று நூலகர்கள் இன்றும் தலையைச் சொறிகிறார்கள்.